மயிலை மறைமாவட்டத்தின் 346 ஆண்டுகளையும் சொல்லுங்கள்

சென்னை–மயிலை, தஞ்சை மறைமாவட்டங்களின் ஆயர் பெருமக்களுக்கும், பழைய மயிலைப் பங்குகளின் பங்குத்தந்தையருக்கும்,

தோத்திரம்.

சாந்தோமுக்கு வருகிறவர்களிடம் நாம் வழக்கமாகச் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். தோமையார் வந்தார், இங்கே அடக்கமானார். 1545இல் சவேரியார் சில மாதம் தங்கி வேண்டினார். 1896இல் இப்போதைய பேராலயம் அபிஷேகமானது. அவ்வளவுதான், கேட்டவர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 1606 ஜனவரி 9 அன்று ஐந்தாம் பவுல் பாப்பரசர் கொச்சியிலிருந்து பிரித்து உண்டாக்கிய மயிலை மறைமாவட்டம் 1952 நவம்பர் 13 வரை தனியாக இருந்தது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. நம் பிள்ளைகளுக்கும் சொல்வதில்லை.

அதன் எல்லையைக் கேட்டால் இன்று நம்பமாட்டார்கள். சோழமண்டலக் கரையோடு நிற்காமல் ஒரிசா, வங்காளம், பர்மாவின் பெகு வரை போனது. மதுரை மிஷனில் உழைத்த சேசுசபைக் குரு பிரான்சிஸ்கோ லைனஸ், மயிலை ஆயரானபின் வங்காளத்துப் பங்குகளைப் பார்க்கப் போய் 1715இல் சந்தர்நாகூரில் இறந்தார். டாக்காவுக்குப் பக்கத்தில் பவால் பகுதியில் உள்ள நாகோரியில் மனுவேல் த அசும்ப்சாவோ என்ற அகுஸ்தீன் சபைத் துறவி வங்காள இலக்கணமும் சொல்தொகுதியும் எழுதினார். அது 1743இல் லிஸ்பனில் அச்சானது. வங்காள மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அதுதான். அந்த ஊருக்கு ஆயர் மயிலாப்பூரில் இருந்தார்! இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

சொல்லாததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. இந்தக் கதையைத் தொட்டால் சண்டையையும் தொடவேண்டும். பாப்பரசர் தந்த பதுரவாதோ என்ற புரவலர் உரிமையின்படி ஆயரை முன்மொழிகிறவர் போர்த்துக்கல் அரசர். 1640இல் போர்த்துக்கல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தபோது உரோமை புது அரசரை ஏற்கவில்லை, அவர் முன்மொழிந்த ஆயர்களையும் ஏற்கவில்லை. லிஸ்பனுக்கும் உரோமைக்கும் இடையிலான வழக்குக்காக மயிலாப்பூர் பல பத்தாண்டு ஆயர் இல்லாமல் கிடந்தது. அதே சமயம் பக்கத்தில் ஆங்கிலேயரின் கோட்டையில் உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம் அனுப்பிய பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி எப்ரேம் 1642 முதல் கோயில் நடத்தினார். 1649இல் அவரைப் பிடித்துக் கோவாவின் இன்குவிசிஷன் என்ற மத விசாரணை மன்றத்தின் சிறைக்கே கொண்டுபோனார்கள். ஒரே திருச்சபையின் குருவை அதே திருச்சபைக்காரர்கள் பிடித்துப்போன கதை இது.

அப்புறம் 1838இல் பதினாறாம் கிரகோரி பாப்பரசர் மயிலை, கொச்சி, கொடுங்கல்லூர் ஆகியவற்றின் ஆளுகையையே நீக்கினார். போர்த்துக்கல் பக்கம் நின்ற கோவாக் குருக்கள் பணியவில்லை. ஒரு தரப்பு கொடுத்த அருட்சாதனம் செல்லாது என்று மறுதரப்பு சொன்னது. அந்த ஆண்டுகளில் கோயிலில் நடந்த கல்யாணங்கள் செல்லுமா என்று வீட்டுக்கு வீடு எவ்வளவு பேசியிருப்பார்கள்! லிஸ்பனும் உரோமையும் செய்த 1886 உடன்படிக்கையில்தான் மயிலைக்கு மறுபடி எல்லை வரையறுத்தார்கள். நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் 1952 வரை மயிலையோடு இருந்தது அதனால்தான். நாடு விடுதலையடைந்த பிறகும் மயிலை ஆயர் நியமனத்தில் போர்த்துக்கலுக்குப் பங்கு இருந்தது, 1950 ஜூலையில்தான் அதை விட்டுக்கொடுத்தார்கள். சென்னையில் சாந்தோம் பேராலயமாகவும் அர்மீனியன் தெருக் கோயில் இணைப் பேராலயமாகவும் இருப்பதைப் பார்த்து, ஒரே ஊரில் எதற்கு இரண்டு என்று கேட்கிற பையனுக்குப் பதில் இந்தச் சண்டையில்தான் இருக்கிறது: மயிலைக்குச் சாந்தோம், உரோமையின் பக்கத்துச் சென்னைக்கு அர்மீனியன் தெருக் கோயில் என்று தனித்தனியாக இருந்தவை 1952இல் ஒன்றாயின.

நான் கேட்பது பெரிய செலவில்லை. பழைய மயிலைப் பங்குகளில் மிஞ்சியிருக்கும் ஞானஸ்நான, திருமண, இறப்புப் பதிவேடுகளை முதலில் படம்பிடித்து வையுங்கள். போர்த்துக்கீசியத்தில் எழுதிய வரிகளுக்கு நடுவே ஒரு மீனவக் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் ஞானத்தந்தை பெயர், கீழே குருவின் கையெழுத்து என்று இருக்கும். படிப்பறிவில்லாத குடும்பங்களுக்குக் காகிதத்தில் இருக்கிற ஒரே தடயம் பெரும்பாலும் இதுவே. அந்தக்கால இரும்பு மை எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்கிவிடும். அதற்கு மேல் கடற்காற்றும் பூச்சியும். இந்தப் பதிவேட்டைப் பீரோவில் பூட்டிவைப்பதைப் பாதுகாப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

போர்த்துக்கீசியம் படிக்கத் தெரிந்தவர்கள் கோவாவில் இருக்கிறார்கள், உதவி கேட்கலாம். லிஸ்பனின் கடல்கடந்த ஆவணக் காப்பகத்திலும் தேடலாம். அதற்குப்பின் ஒரு வரலாற்று நூலைத் தமிழில் கொண்டுவாருங்கள், 1838ஐ ஒரு பத்தியில் தாண்டிவிடாமல். எந்தத் தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்லவேண்டாம், இரு தரப்புக் கடிதங்களையும் போட்டாலே போதும். மயிலாப்பூர் லஸ் கோயில் கட்டிய ஆண்டாகக் கல்வெட்டில் உள்ள 1516ஐ ஆய்வாளர்கள் ஏற்கத் தயங்குவதையும் தைரியமாக எழுதுங்கள். அதனால் யாருடைய விசுவாசமும் குறைந்துபோகாது.

எந்தப் பங்கில் எந்த ஆண்டிலிருந்து பதிவேடு இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் முதலில் வெளியிட முடியுமா? ஞாயிறு பூசை அறிவிப்பில் சொன்னாலும் சரி. படம்பிடிக்கிற வேலைக்குத் தன்னார்வலராக வர நானும் தயார்.

இப்படிக்கு,
பழைய மயிலை மறைமாவட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு விசுவாசி