‘எல்லாத் தீவனமும் உண்ணும்’ என்று தவறாகச் சொல்லி மீன் விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
கடல் வண்ணமீன் விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: வண்ணத்துப்பூச்சி மீன்களின் உணவு பற்றித் தவறான விவரம் தந்து விற்றது – பணத்தைத் திருப்பித் தரவும் விற்பனைப் பக்கத்தைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். பவளப்பாறைகளில் வாழும் கடல்மீன்களான வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டைத் தங்களிடம் வாங்கினேன். ஒன்று காப்பர்பேண்ட், மற்றொன்று எட்டுக்கோட்டு மீன். இரண்டின் படத்துக்குக் கீழேயும் ஒரே வரி இருந்தது: ‘எல்லா வகைத் தீவனமும் உண்ணும், புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது.’ அந்த வரியை மட்டும் நம்பி நான் பணம் கட்டவில்லை. இந்தக் குடும்பத்து மீன்கள் தீவனத்தில் முரண்டு பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். ‘இரண்டும் குருணைத் தீவனம் நன்றாகச் சாப்பிடும், கவலைப்பட வேண்டாம்’ என்று தங்கள் விற்பனைப் பிரிவு எழுத்திலேயே பதில் தந்தது. அதன் பிறகே வாங்கினேன். எட்டுக்கோட்டு மீன் பட்டினியால் செத்துப்போனது. காப்பர்பேண்ட் உயிரோடு இருக்கிறது. ஆனால் தாங்கள் சொன்ன தீவனத்தால் அது பிழைக்கவில்லை.

அனுப்பிய விதத்தில் எனக்குக் குறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த தெர்மாகோல் பெட்டியைச் சந்திப்பு நிலையத்தில் வாங்கித் திறந்தபோது, பைகளில் ஆக்சிஜன் குறையாமல் இருந்தது, தண்ணீரும் சூடேறவில்லை. என் தொட்டியிலும் குறை இல்லை. உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. எங்கள் ஊர்க் கத்திரி வெயிலிலும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வைத்து அந்த அளவிலேயே காத்து வருகிறேன். மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. சோதனை முடிவுகளின் படங்களைத் தங்கள் உதவி மையம் கேட்டது, அனுப்பினேன், எல்லாம் சரியாக இருப்பதாக அவர்களே எழுதினார்கள். ஆகவே காரணத்தைப் பயணத்திலோ தண்ணீரிலோ தேட வேண்டியதில்லை.

காப்பர்பேண்ட் மீனின் வாயைப் பார்த்தாலே அது எப்படி உண்ணும் என்பது விளங்கிவிடும். குறடு போல் நீண்டு ஒடுங்கிய மூக்கு. அந்தமான் கடலிலிருந்து ஆஸ்திரேலியா வரை பவளப்பாறை இடுக்குகளில் அந்த மூக்கை நுழைத்து, சிறு புழுக்களையும் இறால் இனத்துப் பொடி உயிர்களையும் கொத்தியெடுத்துத் தின்று வாழும் மீன் அது. மேலேயிருந்து மிதந்து விழும் உருண்டை அதற்கு இரையாகத் தெரிவதில்லை. தங்கள் குருணை அதன் கண்ணெதிரே விழுந்து மணலில் ஊறிக் கிடந்தது. அது திரும்பியும் பார்க்கவில்லை. தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றத் தொடங்கியது. வயிறு ஒட்டுவதைவிட மோசமான அறிகுறி அது, உடம்பு தன் சதையையே கரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

தூத்துக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் சொல்லிவைத்து மட்டி வரவழைத்தேன். ஓட்டைப் பிளந்து, சதை ஒட்டிய பாதியைப் பாறை இடுக்கில் செருகி வைத்தேன். முதலில் சுற்றிச் சுற்றி வந்து ஒரு கண்ணால் பார்த்தது, பின்பு விலகிப்போனது. மறுபடி வந்து ஓட்டின் விளிம்பில் ஒரு கொத்து. அதன் பிறகு நிறுத்தவே இல்லை. மட்டிக்குப் பழகியதும் மைசிஸ் என்னும் உறைந்த பொடி இறாலை மட்டிச் சாற்றில் ஊறவைத்து அதே ஓட்டுக்குள் திணித்து வைத்தேன். மட்டியைக் குறைத்து மைசிஸைக் கூட்டி, பிறகு ஓடு இல்லாமலே தண்ணீரில் விட்டுப் பழக்கினேன். சத்து ஏற்றிய உயிருள்ள ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பொடி உயிர்களையும் இடையிடையே கொடுத்தேன். ஒரே நேரத்தில் அள்ளிக் கொட்டினால் பயனில்லை, நாள் முழுக்கக் கொத்தித் திரியும் மீன் அது. சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். முந்திக்கொண்டு தின்னும் முரட்டு மீன்களை அதே தொட்டியில் விடக்கூடாது. இவ்வளவையும் மீனை விற்கிற தாங்களல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? நான்கு வரியில் அச்சிட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கலாம்.

எட்டுக்கோட்டு மீனின் கதை வேறு. அதற்கு எந்தப் பழக்கலும் உதவாது. அதன் இயற்கை உணவே உயிருள்ள பவளத்தின் பாலிப்புகள், அதாவது பவளத்தை உருவாக்கும் சிற்றுயிர்கள். பவளம் தவிர மற்றவற்றை இரையாகவே ஏற்காத வகை என்று மீன் அறிவியல் படித்தவர்கள் பிரித்து வைத்திருக்கும் இனங்களில் அதுவும் ஒன்று. மட்டி வைத்தேன், மைசிஸ் வைத்தேன், நறுக்கிய இறால் வைத்தேன். பால்குடி மறக்காத குழந்தையின் முன்னால் முறுக்குத் தட்டை வைத்ததுபோல் ஆனது. தங்கள் உதவி மையமோ, பசி தூண்டும் பூண்டுச் சாறு என்று ஒரு புட்டியை என்னிடம் விற்றது. அந்த மீனுக்குப் பசி இல்லாமல் இல்லை. விளக்கு எரிந்த நேரமெல்லாம் பாறை பாறையாகப் போய் இரை தேடியது. தேடிய இரை அங்கே இல்லை. சாகும்வரை அது தேடுவதை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடைசியாகத் தங்கள் பிரிவிலிருந்து வந்த யோசனை: ‘உயிருள்ள பவளம் கொஞ்சம் வாங்கித் தொட்டியில் போடுங்கள்.’ இதைத் தாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தூத்துக்குடி போய்விடலாம். அங்கிருந்து தொடங்குகிறது மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா. 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளையும் காக்க 1986-இல் அறிவிக்கப்பட்டது அது. கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அட்டவணையில், இருக்கின்றன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். எந்தப் பவளம், எங்கே சட்டப்படி கிடைக்கும் என்று ஒரு சொல் இல்லாமல் ‘வாங்கிப் போடுங்கள்’ என்று வாடிக்கையாளருக்கு எழுதுவது பொறுப்புள்ள நிறுவனம் செய்கிற காரியமா? கிடைத்தாலும்தான் என்ன? ஒரு மீன் கொத்தித் தீர்க்கிற வேகத்துக்குப் பவளம் வளராது.

இதே குடும்பத்தில் ரக்கூன், ஆரிகா போன்ற மீன்கள் வீட்டுத் தொட்டித் தீவனத்துக்கு ஓரளவு எளிதாகப் பழகுபவை. அவற்றை விரும்புபவர்களுக்கு விற்கட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் தங்கள் பக்கத்தில் ரக்கூனுக்கும் அதே வரி, காப்பர்பேண்டுக்கும் அதே வரி, எட்டுக்கோட்டு மீனுக்கும் அதே வரி. ஒன்றுக்கு எழுதியதை எல்லாவற்றுக்கும் ஒட்டியிருக்கிறீர்கள். மீன் எதைத் தின்னும் என்பது அழகுக்காகச் சேர்க்கிற விவரம் அல்ல. அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்குபவர் அதன் உயிருக்குப் பொறுப்பேற்கிறார்.

‘உயிருடன் வந்து சேர்ந்ததும் எங்கள் உத்தரவாதம் முடிந்துவிட்டது’ என்ற பதிலை நான் ஏற்க முடியாது. பட்டினி கிடக்கும் மீன் வந்த அன்றே சாவதில்லை. உத்தரவாதக் காலம் கடந்த பிறகுதான் சாகும்.

ஆகவே எட்டுக்கோட்டு மீனின் விலையையும் அந்தப் பூண்டுச் சாற்றின் விலையையும் திருப்பித் தருமாறு கேட்கிறேன். காப்பர்பேண்டுக்குப் பணம் வேண்டாம், அதைத் திருப்பி அனுப்பவும் மாட்டேன். பணத்தைவிட முக்கியமாக, ஒவ்வொரு இனத்துக்கும் அதன் உண்மையான உணவை எழுதித் தங்கள் பக்கத்தைத் திருத்த வேண்டும். பவளம் மட்டுமே தின்னும் இனங்களை வீட்டுத் தொட்டிக்கு விற்பதை நிறுத்த வேண்டும். காப்பர்பேண்ட் போன்றவற்றை, தங்கள் தொட்டியில் தீவனம் எடுப்பதைக் காணொளியில் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும். அதுவரை மீனைத் தங்களிடமே வைத்திருங்கள். காத்திருக்க என்னைப் போன்றவர்கள் தயார்.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தாங்கள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தீர்வு வராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.

இணைப்பு: பில் நகல், விற்பனைப் பக்கத்தின் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், தண்ணீர்ச் சோதனைப் படங்கள், இரண்டு மீன்களின் காணொளிகள்.