மூடிய கண் காப்பாற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ட்ரீம்மெஷின்’ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன், கடைசிப் பத்தி வரும்வரை.

2022-ல் பிரிட்டனில் லண்டன், கார்டிஃப், பெல்ஃபாஸ்ட், எடின்பரோ ஆகிய ஊர்களில் இலவசமாக நடந்த கலை நிகழ்வு அது. பார்வையாளர்கள் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார்கள். வெள்ளை விளக்குகள் விட்டு விட்டு மின்னும். சுற்றிலும் இசையமைப்பாளர் ஜான் ஹாப்கின்ஸின் இசை. மூடிய இமைக்குள் ஒருவருக்குத் தேன்கூடு மாதிரி கட்டங்கள், இன்னொருவருக்குச் சுழல். விளக்கில் அந்த நிறங்கள் எதுவும் கிடையாது, எல்லாம் மூளையின் கைவேலை. மூளை அறிவியலாளர் அனில் சேத் இதில் சேர்ந்ததில் வியப்பில்லை. சுவர் முழுக்க ஓவியத்தைப் புரொஜெக்டரில் ஓடவிட்டு டிக்கெட் விற்கும் கண்காட்சிகள் பெருகிவிட்ட காலத்தில், செல்ஃபி எடுக்க ஒன்றுமே இல்லாத கலை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதன் மூலக்கதையையும் சொல்லியிருக்கலாம். 1958 டிசம்பரில் பிரான்ஸின் மார்செய் நகரம் நோக்கிப் போன பஸ்ஸில் ஓவியர் பிரையன் கைசின் கண்மூடி உட்கார்ந்திருந்தார். சாலையோர மரங்களுக்கு நடுவே வெயில் வெட்டி வெட்டி அடிக்க, இமைக்குள் நிறங்கள் கொட்டின. பிறகு நண்பர் இயன் சாமர்வில், துளைகள் வெட்டிய உருளையை ரெக்கார்ட் பிளேயர் மேல் சுழலவிட்டு, நடுவே ஒரு பல்பைத் தொங்கவிட்டார். வெளிச்சம் நொடிக்கு 8 முதல் 13 முறை மின்னும். அவ்வளவுதான் முதல் ட்ரீம்மெஷின்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் ஸ்ட்ரோப் ஆப் (விளக்கை விட்டு விட்டு மின்னவைக்கும் செயலி) இறக்கி, இருட்டறையில் நீங்களும் முயலலாம் என்று கட்டுரை முடிகிறது. இது ஆபத்தான யோசனை. நொடிக்கு 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பை வரவழைக்கும். சிறுவர்களிடமும் பதின்வயதினரிடமும்தான் இது அதிகம். தங்களுக்கு இது உண்டென்று முதல் வலிப்பு வரும்வரை பலருக்குத் தெரியவே தெரியாது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் டி.வி.யில் ‘போக்கிமான்’ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சுமார் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சில நொடி மின்னியதுதான் காரணம்.

கண்ணை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். இமை வழியே வெளிச்சம் சிவப்பாகப் பரவி, பார்வை முழுவதையும் நிறைத்துவிடும். மின்னும் வெளிச்சத்தில் சிக்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வழி. கல்யாண ரிசப்ஷனில் டிஜே விளக்குக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்கலாம்.

ட்ரீம்மெஷின் குழுவினரே, மின்னும் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக மின்னும் விளக்கில்லாத அமர்வைத் தனியாக வைத்திருந்தார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த இதழில் ஒரு எச்சரிக்கை போடுங்கள். கடிதப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். கட்டுரை வந்த அதே பக்கத்தில், கட்டம் கட்டி. இணையப் பதிப்பில் அந்தப் பத்தியை இன்றே எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
திருச்சி