ஒரு பிடி சோறு பூனைக்குட்டிக்குப் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

பூனைக்குட்டி வளர்க்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, ‘இதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வைக்க வேணும்?’ என்பது. அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பிடி சோறும் கொஞ்சம் மீன் குழம்பும். அந்தப் பதிலால் எங்கள் வீடுகளில் எத்தனையோ குட்டிகள் சவலையாகிப் போகின்றன. பூனையில் அன்புள்ள வீடுகளிலேயே இது நடப்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு கிலோ நிறையுள்ள குட்டியை எடுத்துக்கொள்வோம். வயது ஏறக்குறைய இரண்டரை மாதம். அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி சக்தியும் 15 கிராம் அளவு புரதமும் தேவை. சோறு 100 கிராமில் 130 கிலோகலோரி இருக்கிறது. புரதமோ மூன்று கிராம்கூட இல்லை. குட்டி 150 கிராம் சோற்றைத் தின்றால் அன்றைய சக்தித் தேவை முடிந்துவிடும், பசியும் அடங்கிவிடும். ஆனால் உள்ளே போன புரதம் நான்கு கிராம் மட்டுமே. அவித்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. சாப்பாட்டில் புரதம் குறைந்தால் மனித உடல் ஓரளவு சிக்கனம் பிடிக்கும். பூனையின் ஈரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது புரதத்தை வழமைபோல எரித்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டில் கிடைக்காவிட்டால் சொந்தத் தசையைக் கரைத்து எடுக்கும். வயிறு முட்டத் தின்ற குட்டிக்கு முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்பதும், மயிர் பளபளப்பில்லாமல் குத்திட்டு நிற்பதும் இதனால்தான்.

ஆகவே சோற்றின் அளவைக் கேட்பதற்கு முன் குட்டியின் நிறையை அறிய வேண்டும். குசினியில் மா நிறுக்கும் டிஜிற்றல் தராசு போதும். ஒரு சிறிய ஓலைப்பெட்டியைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குட்டியை அதற்குள் விட்டால் சில வினாடிகள் அசையாமல் இருக்கும். கிழமைக்கு ஒரு நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன் நிறுத்து, கலண்டரில் அந்தத் திகதியிலேயே எழுதிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு நாளும், வெறுவயிற்றில் ஒரு நாளும் நிறுத்தால் 40, 50 கிராம் வித்தியாசம் வந்து கணக்கையே குழப்பிவிடும்.

ஆரோக்கியமான குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். அதன்பின் நான்கைந்து மாதம் வரை கிழமைக்கு 100 கிராம் அளவில் ஏறும். எங்கள் நாட்டுப் பூனைகள் உருவத்தில் சிறியவை என்பதால் 60, 70 கிராம் ஏறினாலும் பயமில்லை. வயது தெரியாத குட்டியானால் பல்லைப் பாருங்கள். முன்பற்கள் மட்டும் முளைத்திருந்தால் மூன்று கிழமையளவு. கடைவாய்ப் பாற்பற்களும் வந்திருந்தால் ஆறு கிழமை தாண்டிவிட்டது. முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கத் தொடங்கினால் நான்கு மாதம் அளவு.

இனி அளவுக்கு வருவோம். இரண்டு, மூன்று மாதக் குட்டிக்கு ஒவ்வொரு கிலோ நிறைக்கும் 200 கிலோகலோரிக்குக் குறையக்கூடாது. நான்கு, ஐந்து மாதத்தில் கிலோவுக்கு 130 முதல் 150. ஆறேழு மாதத்தில் 100. பத்து மாதமளவில் 80. குட்டிகளுக்கான உலர் தீனியில் ஒரு கிராமுக்கு நான்கு கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ குட்டிக்கு நாளுக்கு 50 கிராம், ஐந்து மாதத்தில் இரண்டு கிலோ உள்ளதற்கு 65 முதல் 75 கிராம், ஏழு மாதத்தில் இரண்டரைக் கிலோ உள்ளதற்கு 60 கிராம் அளவு வரும். ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு பூனை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தாலும் மொத்தச் சாப்பாடு கூடவேண்டியதில்லை. பலர் இதைக் கவனிப்பதில்லை. குட்டி பெரிதாக ஆகத் தீனியையும் கூட்டிக்கொண்டே போய், ஒரு வயதில் வயிறு தொங்கும் பூனையாக்கிவிடுகிறார்கள்.

இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டும். சரிபார்ப்பது கையால். குட்டியின் விலாவில் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் புறங்கையில் விரல் எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ அப்படி விலா எலும்புகள் தட்டுப்பட்டால் அளவு சரி. கையை முட்டியாகப் பொத்தும்போது எழும்பும் மொளிபோல எலும்பு கூராக நின்றால் போதவில்லை. உள்ளங்கையைத் தடவுவதுபோல எலும்பே தெரியாவிட்டால் கூடிவிட்டது. நிறை ஏறாமல் ஒரு கிழமை போனால் பத்து வீதம் கூட்டுங்கள். இரண்டாவது கிழமையும் ஏறாவிட்டால் அது சாப்பாட்டுக் குறையாக இருக்காது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். நிறை குறைந்தால் ஒரு கிழமைகூடக் காத்திருக்க வேண்டாம்.

பக்கற்றில் அச்சிட்ட அளவு ஒரு முழு நாளுக்குரியது. அதை ஒரு வேளைக்கென்று நினைத்து மூன்று தரம் வைப்பவர்களும் உண்டு, அந்த அளவை வைத்துவிட்டு மேலதிகமாக மீனும் கொடுப்பவர்களும் உண்டு. ‘ஒரு கப்’ என்ற கணக்கையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கப்பும் ஒவ்வொரு அளவு. ஒரு நாள் 50 கிராமைத் தராசில் நிறுத்து ஒரு வெற்றுப் போத்தலில் போட்டு, அது நிற்கும் மட்டத்தில் கோடு கீறிவிடுங்கள். பிறகு தினமும் அந்தக் கோடு வரை நிரப்பி, நாள் முழுவதும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வீட்டில் நான்கு பேர் தீனி வைத்தாலும் கணக்குத் தப்பாது.

பக்கற் தீனியை மட்டுமே வாங்கிக் கட்டுப்படியாகாத வீடுகள் பல. அவர்களுக்கு ஒரு கிலோ குட்டியின் ஒருநாள் கணக்கு இது: முள்ளில்லாமல் அவித்த மீன் அல்லது கோழி இறைச்சி 110 கிராம், அவித்த முட்டை பாதி, குழைந்த சோறு இரண்டு மேசைக்கரண்டி. இது ஏறத்தாழ 200 கிலோகலோரி. உப்பும் தூளும் போடக்கூடாது. அவித்த தண்ணீரை ஊற்றிவிடாமல் அதோடேயே பிசைந்து வையுங்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத ரோரின் என்ற பொருள் அவிக்கும்போது அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது. பூனையின் உடல் தேவையான அளவு ரோரினைத் தானாக உண்டாக்காது. அது குறைந்தால் விழித்திரை பழுதாகும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். இதயத்துக்கும் ரோரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987 இல்தான் உறுதியாக வெளிவந்தது. கோழியின் நெஞ்சு இறைச்சியைவிடத் தொடை இறைச்சியில் ரோரின் பல மடங்கு அதிகம். நாய்த் தீனி மலிவு என்று பூனைக்குப் போடுவதும் இந்த இடத்தில்தான் பிழையாகிறது; அதில் பூனைக்குப் போதிய ரோரின் இருக்காது.

ஆனாலும் இந்த வீட்டுச் சாப்பாட்டை மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கும்படி சொல்லமாட்டேன். பாதிக்குப் பாதி நல்லது: 25 கிராம் குட்டித் தீனி, அத்துடன் மேலே சொன்னதில் பாதி.

முள்ளில்லாத தசையை மட்டும் கொடுப்பதில் பெரிய ஆபத்து கல்சியக் குறைவு. இறைச்சியில் பொசுபரசு நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். வளரும் குட்டியின் உடல் அந்தக் கல்சியத்தை அதன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். சில கிழமைகளில் குட்டி கதிரையில் பாயத் தயங்கும், தூக்கினால் கத்தும், பிறகு ஒரு சின்ன விழுகையிலேயே கால் முறியும். இதற்கு எங்கள் கடல் நல்ல வழி தந்திருக்கிறது. பாசையூரிலும் குருநகரிலும் மலிவாகக் கிடைக்கும் சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறுமீன்களைக் குடல் நீக்கிப் பிறஷர் குக்கரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவித்தால், முள் விரலுக்கிடையில் மாவாக நசியும். நசியாத முள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கரண்டியின் பின்புறத்தால் முழுவதையும் மசித்துப் பாருங்கள். பெரிய மீன் அல்லது இறைச்சியானால், முட்டைக் கோதைக் கழுவி அவித்து, வறுத்து, மாவாக அரைத்து, அரைக் கிலோவுக்கு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல் கலக்கலாம். கோழி எலும்பு அவித்ததும் கூராகச் சிதறும். கொடுக்கவே கூடாது.

பச்சை மீனும் வேண்டாம். சில மீன்களின் பச்சைத் தசையில் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் உண்டு. அவித்தால் அது செயலிழந்துவிடும். பச்சை மீனே தின்று வளரும் குட்டி தள்ளாடும், தலையை நெஞ்சோடு கவிழ்த்து நிற்கும், வலிப்பும் வரலாம். ஈரல் கிழமைக்கு ஒரு தரம், ஒரு தேக்கரண்டி போதும். தினமும் கொடுத்தால் விற்றமின் ஏ தேங்கிக் கழுத்து எலும்பு இறுகிப்போகும். கருவாட்டில் உப்பு மிகுதி, தவிர்ப்பது நல்லது.

குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கிறோம் என்று சொல்பவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மிளகாய்த்தூள் கழுவுப்படும். வெங்காயமும் உள்ளியும் கொதிக்கும்போது மீனுக்குள் ஊறியது கழுவுப்படாது. இவை பூனையின் சிவப்பு இரத்தக் கலங்களை உடைக்கின்றன. சமைத்தாலும் நஞ்சு போவதில்லை. சொதியும் இதில் அடங்கும். கறிக்கு மீன் வெட்டும்போதே குட்டியின் பங்கை ஒரு சிறு சட்டியில் வேறாக அவிப்பதுதான் வழி. குட்டி சோர்ந்து கிடக்கிறது, காய்ச்சல் என்று பரசிற்றமோல் கொடுப்பதும் நடக்கிறது. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

பசுப்பாலில் பூனைப்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் குறைவு, அதிலுள்ள பாற்சீனியைப் பல குட்டிகளால் சமிக்கவும் முடியாது. வயிற்றோட்டம் அதனால்தான். நான்கு கிழமைக்கு உட்பட்ட தாயில்லாக் குட்டிக்குப் பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே வேண்டும். 100 கிராம் நிறைக்கு நாளுக்கு 20 மில்லிலீற்றர் அளவில், பல தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குட்டியின் உடல் குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்கிவிட்டுத்தான் பால். மல்லாத்திப் பிடித்துப் பருக்கினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்; வயிறு கீழே இருக்க, தாயிடம் குடிப்பதுபோலவே பிடியுங்கள்.

எத்தனை வேளை? நான்கு மாதம் வரை நான்கு, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. சின்ன இரைப்பை ஒரே நேரத்தில் அதிகம் கொள்ளாது. நாளுக்குரியதை இரண்டு வேளையில் திணித்தால் சத்தி எடுக்கும் அல்லது மலம் இளகும். இரண்டு மாதக் குட்டி 12 மணித்தியாலம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கிவிடலாம். அப்படி மயங்கினால் சீனிக் கரைசலைச் சிறிது பல் முரசில் தடவிக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும். எங்கள் வெயிலில் அவித்த மீன் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எறும்புக்கு, தீனிச் சிரட்டையைத் தண்ணீர் ஊற்றிய தட்டத்தின் நடுவில் வைக்கலாம். உலர் தீனி தின்னும் குட்டிக்குத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், சாப்பாட்டுப் பாத்திரத்திலிருந்து சற்றுத் தள்ளி. இரண்டு மூன்று குட்டிகள் ஒன்றாகத் தின்னும் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம் வையுங்கள். மெதுவாகத் தின்னும் குட்டி எப்போதும் தோற்றுவிடும்.

வயிறு பந்துபோல இருக்க முதுகெலும்பு மட்டும் கூராக நின்றால் அது பூச்சி வயிறாகவும் இருக்கலாம். வட்டப்புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வருகிறது. மூன்று கிழமையில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒரு தரமும், இரண்டு மாதத்துக்குப் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரமும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அதன் அளவும் நிறையைப் பொறுத்ததே என்பதால் கலண்டரில் எழுதிய எண் அங்கும் உதவும்.

கோயில் வாசலிலோ சந்தையடியிலோ எலும்பும் தோலுமாகக் கிடந்த குட்டியை எடுத்து வருபவர்கள் இரக்கத்தில் முதல் நாளே வயிறு நிரப்பிவிட வேண்டாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரெனச் சாப்பாடு இறங்கினால் இரத்தத்தின் உப்புச் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் நாள் கணக்கில் கால்வாசியை ஆறேழு தடவையாகப் பிரித்து வையுங்கள். அடுத்த நாள் அரைவாசி, மூன்றாம் நாள் முக்கால்வாசி, நான்காம் நாள் முழு அளவு.

கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சக்தித் தேவை கால்வாசி அளவு குறையும், பசியோ கூடும். அந்த மாதத்தில் தராசை விடாதீர்கள்.

இறுதியாகக் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய பையை உடைத்துக் கிலோக்கணக்கில் கட்டி விற்கும்போது, உள்ளே இருப்பது குட்டித் தீனியா, வளர்ந்த பூனைத் தீனியா, 100 கிராமில் எத்தனை கிலோகலோரி, காலாவதித் திகதி என்ன என்ற மூன்றையும் பேனையால் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். மூலப் பையில் இம்மூன்றும் பெரும்பாலும் அச்சிடப்பட்டே இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர்,
கோண்டாவில்.