மூடியைப் பூட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைநாளில் மேன்ஹோல் மூடி தூக்கியெறியப்பட்டால் தண்ணீரைத்தான் குறை சொல்கிறோம்; மூடியைப் போல்ட் போட்டுப் பூட்டிவிட்டால் பாதுகாப்பு என்கிறோம். பல இடங்களில் குற்றவாளி காற்று. அமெரிக்காவின் மினியாபோலிஸில் 35டபிள்யூ நெடுஞ்சாலையின் மழைநீர்ச் சுரங்கத்தில், நீரழுத்த மட்டம் (அழுத்தத்தால் நீர் எழக்கூடிய உயரம்) தரையைத் தொடாதபோதே சாலைக்கு மேல் நீர் பீறிட்டதை அளவீடுகள் காட்டின. சுரங்கம் மளமளவென்று நிரம்பும்போது கூரையடியில் சிக்கும் காற்று, செங்குத்துக் குழியில் நீரையும் அள்ளிக்கொண்டு மேலேறும்.

60 செ.மீ. விட்டமும் 50 கிலோ எடையும் உள்ள மூடியைத் தூக்க, சுமார் 18 செ.மீ. நீருக்கு இணையான அழுத்தமே போதும். போல்ட் போட்டு இறுக்கினாலோ, அழுத்தம் மிஞ்சும்போது மூடி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு பெயர்ந்து வரக்கூடும். தேவை, காற்று வெளியேறத் தனிக் காற்றுப்போக்கிகளும் அகலமான செங்குத்துக் குழிகளும். நீர் இறங்கும் வாய்களில் மதகு வைத்து நிரம்பும் வேகத்தைக் குறைக்கலாம். மூடியில் நாலு துளை போடுவது காற்றுக்குப் போதாது.

– வடிகால் பொறியாளர், கோவை