தங்காளின் அழுகையை வெட்டிவிடாதீர்கள்

கொங்கு நாட்டு அண்ணன்மார் கோயில் திருவிழாக் குழுவினருக்கு,

வணக்கம். அண்ணன்மாரான பொன்னர், சங்கர் கதையை மேடையேற்றும்போது, இப்போது சில ஊர்களில் சங்கர் வாளோடு நிற்கும் இடத்திலேயே திரையை இழுத்துவிடுகிறார்கள். கேட்டால், நேரமாகிவிட்டது, அப்புறம் பாட்டுக் கச்சேரி இருக்கிறது என்கிறார்கள்.

அதற்கப்புறம் வருவதுதானே கதையின் உயிர்! அண்ணன்மார் போரில் மாண்டபின் அவர்கள் தங்கை அருக்காணித் தங்காள் அழுதுகொண்டே காடெல்லாம் தேடி வருகிறாள். பெரியகாண்டியம்மன் அருளால் களத்தில் கிடந்தவர்களை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் அவளோடு வீடு திரும்புவதில்லை. தங்கள் காலம் முடிந்தது என்று தங்கையிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சாய்கிறார்கள். உடுக்கடிப் பாட்டில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது இங்கேதான். இந்தச் சாவைத் திருவிழாவில் நடத்திக் காட்டும் படுகளச் சடங்கில் அருள் வந்து விழுகிறவர்களும், வெள்ளைத் துணிக்கடியில், தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை மாண்டவர்களாகவே கிடக்கிறார்கள். அப்படிக் கிடப்பவர் நம் மாமனோ மச்சானோதான்.

வேறு நாட்டு மேடைகளிலும் மாண்டவர்கள் எழுந்து வருகிறார்கள், பகைவர் பக்கத்திலிருந்தும். கிரேக்கர் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போர் முடிந்து 8 ஆண்டு கழித்து, கி.மு. 472இல், ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் 'பாரசீகர்கள்' நாடகத்தை ஏற்றினார். பாரசீகரோடு மாரத்தானில் போரிட்டவர் அவர். ஆனாலும் கதை தோற்றவர்களின் தலைநகரில் நடக்கிறது. கல்லறையிலிருந்து எழுந்து வருவது பகை நாட்டு மன்னன் தாரியஸின் ஆவி. ஜப்பானிய நோ நாடகத்தில் ஆட்சுமோரி என்ற இளம்வீரனின் ஆவி தன்னைக் கொன்றவன் முன்னாலேயே வந்து நிற்கிறது. கொன்றவன் இப்போது துறவி; தான் கொன்ற ஆட்சுமோரிக்காகத்தான் வேண்டிக்கொண்டிருக்கிறான்.

அண்ணன்மாரின் பகைவனான தலையூர்க் காளி என்ற தலைவனின் பக்கம் விழுந்த வேட்டுவருக்கும் தங்கைகள் இருந்திருப்பார்கள். அண்ணன்மாரோடு நின்ற சாம்புவனுக்கும் அழ ஆள் வேண்டும். வாளோடு முடித்தால் இந்தக் கதை சாதிப் பெருமையாகச் சுருங்கிவிடும். ஒரே சந்தைக்கு வருகிற, ஒரே பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். என் பெரிய கவலை இதுதான்.

கடைசி இரவைத் தங்காளுக்கு விடுங்கள். அண்ணன்மார் எழுந்ததும் புகையும் சிவப்பு விளக்கும் போட வேண்டாம், உடுக்கையும் ஒரு குரலும் போதும். மாண்டவர்கள் எழும்போது வேட்டுவ வீரன் ஒருவனும் எழுந்து பேசட்டும். கதையில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் மாறி வந்த கதை இது. உடுக்கடிக்காரர்களையே கூப்பிட்டுக் கேட்போம். அந்தக் காட்சியை எழுதித் தரவும் ஒத்திகைக்கு உட்காரவும் நான் வருகிறேன். மாசித் திருவிழாவுக்கு முன்பே ஒரு நாள் சொல்லுங்கள்.