குழவிக்கல்லை நிலா மாதிரி வரைந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் ஹெக்டர் சிறுகோளைப் பற்றி வந்த கட்டுரையைப் பேரனுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'வியாழனைத் துரத்தும் கல்' என்று தலைப்புப் போட்டுவிட்டீர்கள், பையன் உடனே "எப்ப அப்பத்தா முட்டும்?" என்று கேட்டுவிட்டான். அது துரத்தவே இல்லை, அதே பாதையில் வியாழனுக்கு முன்னால் போகிறது. எங்கள் பக்கம் குருப்பெயர்ச்சிக்குப் பட்டமங்கலம் போகாத வீடு குறைவு, அதனால் அப்படியே சொன்னேன்: சூரியனில் நின்று பார்த்தால் குருவுக்குச் சுமார் 60 பாகை முன்னால், அதாவது ஏறக்குறைய இரண்டு ராசி தள்ளி. கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும், ஆனால் குரு அதைப் பிடிக்கப் போவதில்லை. இந்த இடத்தில் ஒரு கல் நிலைத்து நிற்கும் என்று கணித மேதை லக்ராஞ்ச் 1772-லேயே கணக்குப் போட்டுவிட்டார்.

அப்புறம் அந்தப் படம். பௌர்ணமி நிலா போல உருண்டையாக, பளபளவென்று! ஹெக்டர் விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், கொஞ்சம் சிவப்போடிய கறுப்பு. நீளம் சுமார் 400 கிலோமீட்டர், குறுக்களவு அதில் பாதிதான், அல்லது அதற்கும் குறைவு. சரி, காட்டியே விடுவோம் என்று அம்மிக் குழவியை ஆத்தங்குடிக் கல் தரையில் படுக்க வைத்துச் சுற்றிவிட்டேன், முனையில் காலையில் அரைத்த மிளகாய் ஒட்டியிருந்தது, தரை கீறிவிடும் என்று மருமகள் சத்தம் போட்டாள். பையன் டார்ச் அடித்தான். நீளப்பக்கம் திரும்பும்போது நிறைய வெளிச்சம், முனை திரும்பும்போது கொஞ்சம். தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரிந்த ஹெக்டர் இப்படிக் கூடிக் குறைவதை வைத்துத்தான் அதன் நீளவாக்கு வடிவத்தையும், ஏழு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதையும் கண்டுபிடித்தார்கள். அதற்கு 2006-ல் அகப்பட்ட ஒரு குட்டி நிலாவும் உண்டு, அதைச் சொல்லவே இல்லை.

பெயர் விஷயம் இன்னும் வேடிக்கை. வியாழனின் பாதையில் அதற்கு முன்னால் ஒரு சிறுகோள் கூட்டமும் பின்னால் ஒரு கூட்டமும் போகின்றன. முன்னால் போவதற்கு டிராய் போர்க் கதையின் கிரேக்க வீரர் பெயர், பின்னால் வருவதற்கு டிராய் வீரர் பெயர் என்பது வழக்கம். 1907-ல் வானியலாளர் கோப்ஃப் ஹெக்டரைக் கண்டுபிடித்த சமயத்தில் அந்த ஏற்பாடு இல்லாததால், டிராய்க்காரன் ஹெக்டர் தன்னைக் கொன்ற அக்கிலிஸோடு கிரேக்கர் பக்கம் மாட்டிக்கொண்டான். கோர்ட்டில் கேஸ் நடக்கும்போதே ஒரே வளவில் குடியிருக்கும் பங்காளிகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, 2021-ல் கிளம்பிய லூசி விண்கலம் ஹெக்டரைப் பார்க்கப் போகிறது என்று முடித்திருக்கிறீர்கள். அதன் பட்டியலில் ஹெக்டரே இல்லை. பையன் காலண்டர் அட்டையில் '2027 ஹெக்டர்' என்று எழுதி வைத்திருந்தான், பெயரை அடித்துவிட்டு, அந்த வருஷம் லூசி பார்க்கவிருக்கும் சிறுகோளான யூரிபேட்டிஸின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்கள், படத்தையும் மாற்றி.

ஒரு வாசகி,
காரைக்குடி