அன்று இரவு அந்த ஈரலைப் பெற்ற தம்பிக்கு

தம்பி,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, ஊரும் தெரியாது. ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தீர்கள். கண் இரண்டும் மஞ்சள் பூத்திருந்தன. பக்கத்தில் உங்கள் மனைவி, கையில் ஸ்கேன் கவர், மடியில் பிளாஸ்க். எதிர் வரிசையில் பச்சைச் சேலையில் இருந்தது நான். கூட என் வீட்டுக்காரரும் பதினோராம் வகுப்புப் படிக்கிற மகனும் இருந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்காது. உங்கள் மனைவிக்கு இருக்கும்.

மாற்று ஈரலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த எங்களுக்குப் போன் வந்தது மாலை ஏழே முக்காலுக்கு. "ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? இனிமே தண்ணிகூட வேண்டாம், உடனே கிளம்புங்க" என்றார் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர். அடுத்து ஒன்று சொன்னார்: "இன்னொருத்தரும் வர்றார். அவருக்குத்தான் முதல்ல. ஏதாவது காரணத்தால அவருக்குச் செய்ய முடியலைன்னா உங்களுக்கு." மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த ஈரலை ஐஸில் வைத்தாலும் சில மணி நேரம்தான் தாங்கும். முதல் ஆளுக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சலோ சளியோ தெரியவந்தால், அதற்கப்புறம் வெளியூரிலிருந்து இன்னொருவரை வரவழைக்க நேரம் இருக்காது. அதனால்தான் இரண்டு பேரைக் கூப்பிடுகிறார்கள். விழுப்புரத்திலிருந்து வாடகைக் காரில் வந்தோம். வழி முழுக்க யாரும் பேசவில்லை.

உங்கள் மனைவிதான் முதலில் பேசினார். "அக்கா, நீங்களும் ஆபரேஷனுக்கா?" ஆமாம் என்றேன். "எங்களுக்கும் இன்னைக்குத்தான்" என்று சிரித்தார். சட்டென்று அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, என் பையனுக்கு பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தார். அம்மா பட்டினி என்று அவனும் அதுவரை எதையும் தொடவில்லை. யார் கொடுத்தும் வாங்காதவன் அவர் கொடுத்ததும் வாங்கிக் குடித்தான்.

அப்புறம் உங்களுக்கு இருமல் வந்தது. நர்ஸ் தெர்மாமீட்டரோடு வந்து உங்கள் வாயில் வைத்தார். அந்த இரண்டு நிமிடம் நான் நினைத்ததை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சல் இருக்கட்டும் என்று நினைத்தேன், தம்பி. உங்கள் மனைவி ஊற்றிக் கொடுத்த காபியை என் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போதே நினைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஏன் அப்படி நினைத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 47. அங்கன்வாடிப் பணியாளர். என் அம்மா மகோதரம் வந்து வயிறு வீங்கி இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அது எதனால் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஹெபடைட்டிஸ் பி கிருமி அம்மாவிடமிருந்து பிரசவத்தின்போது பிள்ளைக்கு வரும். சத்தமில்லாமல் முப்பது நாற்பது வருடம் ஈரலுக்குள்ளேயே இருந்து, சிலருக்கு ஈரலைச் சுருக்கிவிடும், புற்றும் வரவழைக்கும். எனக்கு இரண்டும். எனக்கு நோய் தெரிந்த பிறகு அண்ணனையும் தங்கையையும் பரிசோதித்தார்கள். இருவருக்கும் அது இருந்தது. அதனால் அவர்கள் எனக்கு ஈரலில் பங்கு தர முடியாது. நான் ஓ குரூப், ஓ குரூப்பிலிருந்துதான் வாங்க முடியும். வீட்டுக்காரர் பி. பையன் ஓ குரூப்தான், ஆனால் சட்டப்படி 18 ஆக வேண்டும். அவன் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறான். அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் முதன்முதலில் பென்டாவேலன்ட் ஊசி அரசுத் திட்டத்தில் வந்தது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி, அதில் ஹெபடைட்டிஸ் பி-யும் ஒன்று. எங்கள் மையத்துப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்து அதைப் போட வைத்தவள் நான். அழுகிற குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த நோய் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டுவிட்டால் தாயிடமிருந்து வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். என் பையனுக்குப் போட்டிருந்தது. அவனுக்கு இல்லை. அந்தப் பரிசோதனைத் தாளை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஊரில் முதலில் கேட்ட கேள்வி, "குடிக்காமலா ஈரல் போகும்?" அடுத்தது, என் கையால் சோறு வாங்கலாமா என்பது. ஒரு தாய் பிள்ளையை அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரத்தம் வழியாகப் பரவும், உடலுறவில் பரவும், பிரசவத்தில் பரவும், அவ்வளவுதான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கீழாநெல்லி அரைத்துக் கொண்டுவந்தவர்களும் உண்டு. அன்பினால் கொண்டுவந்தார்கள். டாக்டர் எந்தப் பச்சிலையும் கூடாது என்று சொல்லியிருந்ததால், வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் போனபின் செடிக்கு ஊற்றினேன்.

புற்றுநோய் தெரிந்தது ஒரு சி.டி. ஸ்கேனில். வலது பக்கம் 3.4 செ.மீ. கட்டி. சதை எடுத்துப் பார்க்கவே இல்லை. மருந்து ஏற்றியதும் கட்டி வெள்ளையாக மின்னி, பிறகு சுற்றியிருக்கும் ஈரலைவிடக் கறுத்துத் தெரிந்தால் அதுவே போதுமாம். கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாமே என்று கேட்டேன். சுருங்கிப்போன ஈரலில் வெட்டினால் மிச்சம் இருப்பது தாங்காது என்றார் டாக்டர். ஈரலையே மாற்றினால் கட்டியும் போகும், கட்டி முளைத்த மண்ணும் போகும்.

ஆனால் அதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. 1996இல் இத்தாலியில் மிலான் நகரத்து டாக்டர் மட்சஃபெரோவின் குழு வகுத்தது. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள். ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கக் கூடாது, ஈரலை விட்டு வெளியே போயிருக்கக் கூடாது. அப்படிப் பார்த்து 48 பேருக்கு மாற்றினார்கள். நான்கு ஆண்டு பிழைத்திருக்கும் விகிதம் 75 சதவீதம். அதற்கு முன்பு பெரிய கட்டிக்காரர்களுக்கும் மாற்றிப் பார்த்து, புது ஈரலிலும் புற்று திரும்ப வந்து, பலர் இறந்திருக்கிறார்கள். அதனால் அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம்தான்.

கட்டி வளராமல் இருக்க ஒரு சிகிச்சை உண்டு. ஈரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஈரல் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் சிரையை நம்பி வாழ்கிறது, கட்டியோ தமனி ரத்தத்தைத்தான் குடிக்கிறது. தொடை இடுக்கில் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குப் போகும் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி அடைத்துவிடுகிறார்கள். டேஸ் என்று சொல்வார்கள். எனக்கு ஒருமுறை செய்து, காய்ச்சலிலும் வயிற்று வலியிலும் ஒரு வாரம் கிடந்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் ஓரத்தில் மறுபடி உயிர் பிடித்து 4.1 ஆகியிருந்தது. அந்த ஸ்கேன் எடுத்துப் பதினோராவது நாள்தான் நாம் சந்தித்த இரவு.

4.1க்கும் 5க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று என் கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் மகள் கல்யாணம் கோயம்புத்தூரில் நடந்தது, போகவில்லை. போன் வந்தால் நேரத்துக்குச் சென்னை போய்ச் சேர முடியாது. மருத்துவமனைப் பை கதவுக்குப் பின்னால் எப்போதும் தயாராகத் தொங்குகிறது. தசை கரையாமல் இருக்க இரவு பத்து மணிக்கு ஒரு கிண்ணம் உப்பில்லாக் கஞ்சி. பிள்ளையார் கோயிலில் போய் நிற்கிறேன், என்ன கேட்பது என்று தெரிவதில்லை. எனக்கு ஈரல் வேண்டும் என்று கேட்டால் அது யாருடைய வீட்டில் இழவு விழுவது? ஆகவே கட்டியிடம்தான் பேசுகிறேன். இரு, அங்கேயே இரு என்று.

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. நர்ஸ் "நார்மல்" என்றதும் உங்கள் மனைவி கண்ணை மூடிக்கொண்டார். நள்ளிரவு தாண்டி உங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு, பச்சை உடையில் இரண்டு பேர் ஒரு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனதைப் பார்த்தேன். அதுவரை எனக்கு இது ஒரு பதிவு எண் மட்டும்தான். அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகுதான் இது நடக்கிற காரியம் என்று மனதில் பட்டது. நாலரைக்கு ஒருங்கிணைப்பாளர் வந்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். நல்லபடியாக வைத்துவிட்டார்களா என்று கேட்டேன். தலையாட்டினார். நான் அழுதேன். அதில் ஏமாற்றமும் இருந்தது. அது மட்டும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

2023 செப்டம்பரில், உறுப்புக் கொடை செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார் அல்லவா? நாம் சந்தித்த வாரப் பேப்பரில், அப்படி ஒரு கிராமத்தில் அதிகாரி மாலை வைக்கிற படம் வந்தது. உங்களுக்கு ஈரல் தந்தவர் அவர்தானா, தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் நமக்கு அனுமதி இல்லை. படத்தில் ஒரு அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களுக்குள் இருப்பது அந்த வீட்டுப் பொருள்.

அதனால் ஒன்று கேட்கிறேன். மாத்திரையை நேரம் தவறாமல் போடுங்கள். உடம்பு புது ஈரலை ஒதுக்கிவிடாமல் இருக்கக் கொடுக்கிற டாக்ரோலிமஸ் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்குத்தான். நன்றாக இருக்கிறது என்று நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். பம்ப்ளிமாஸ் பழம் ஆகாது. இதெல்லாம் மருத்துவமனை வகுப்பில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு வேண்டியிருக்கும்போது மறக்கக் கூடாதென்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எனக்கு இரண்டாவது தடவையும் டேஸ் செய்தார்கள். அடுத்த ஸ்கேன் வருகிற 14ஆம் தேதி.

உங்கள் வீட்டு பிளாஸ்க் மூடி எங்களிடம் இருக்கிறது. என் பையன் கையில் வைத்துக்கொண்டே காரில் ஏறிவிட்டான். சிவப்பு மூடி, ஓரத்தில் சின்ன விரிசல். கழுவித் துடைத்துக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற பையில் போட்டிருக்கிறேன். நீங்கள் செக்கப்புக்கு வருகிற நாளில் நானும் அங்கே இருந்தால், உங்கள் மனைவியிடம் என் கையாலேயே கொடுக்க வேண்டும்.

அக்கா